நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

என் பிரியத்துக்கும் சண்டைக்கும் உரிய அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் நாயகம் எழுதுகிறேன். வருகிற ஆவணியோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. பேப்பரில் கட்டம் கட்டி, உங்கள் போட்டோவைப் போட்டு, கீழே நாலு வரி எழுதிவிடலாம் என்று உங்கள் மகன் சொன்னான். அந்த நாலு வரியில் உங்களைப் பாசத்தின் சிகரம், பண்பின் இமயம் என்றெல்லாம் போட்டுவிடுவார்கள். நீங்கள் சிகரமும் இல்லை, இமயமும் இல்லை. தென்காசியில் மைக்செட் கடை வைத்திருந்த ஒரு பிடிவாதக்காரர். அதனால் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சுகமாக இருக்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மருமகள் போடும் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறாள். வீட்டை ஒழித்துவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போகிறாள். சாமான் கட்டும்போதுதான் எனக்குப் போன் பண்ணினாள்.

"ஏலே நாயகம், பரண்ல ஒங்க அத்தான் ரெக்கார்டுப் பொட்டி கெடக்கு. மருமவ ஆக்கர் கடையில எடைக்குப் போடணும்ங்கா. நீ வந்து எடுத்துட்டுப் போறியா, நானே போட்டுரட்டுமா?"

அன்றைக்குச் சாயங்காலமே சென்னையில் ரயில் ஏறிவிட்டேன். இப்போது உங்கள் வீட்டில், சாமான் பாதி போய்விட்ட முன் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் பிளேயர் இருக்கிறது. பெட்டியும் இருக்கிறது. பெட்டிக்குள் நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கதை சொன்னால் நடுவில் புகுந்து திருத்துவது உங்கள் வழக்கம். இனிமேல் அது நடக்காது என்பதை நினைத்தால் எனக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு சீசன். பெங்களூரிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் சிலர் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தார்கள். ஆட்டம் போடுவதற்கு உங்கள் பிளேயரையும் ரெண்டு ஸ்பீக்கரையும் வாடகைக்கு எடுத்தார்கள். சாமான் திரும்பி வந்தபோது அவர்களுடைய ரெண்டு ரெக்கார்டு உங்கள் பெட்டிக்குள் கிடந்தது. அட்டைகள் சாரலில் நனைந்து கூழாகியிருந்தன. பங்களாவில் போய்க் கேட்டால், பையன்கள் காலையிலேயே காலி செய்துவிட்டார்கள், முகவரி தெரியாது என்றார்கள். அடுத்த சீசனுக்கும் யாரும் தேடி வரவில்லை.

அப்புறம் எல்லா ரெக்கார்டுக்கும் செய்வதை அவற்றுக்கும் செய்தீர்கள். பெயர் அச்சடித்திருக்கிற நடுவட்டத்தின் மேல் உங்கள் கடைச் சீட்டை ஒட்டி எண் போட்டீர்கள். கல்யாண வீட்டில், கோயில் கொடை விழாவில் ரெக்கார்டு கை மாறிப் போகாமல் இருக்க மைக்செட்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். நாற்பது வரைக்கும் சாமி பாட்டும் சினிமாப் பாட்டும். நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் இங்கிலீஷ். அட்டையும் போய், நடுவட்டமும் மறைந்தபிறகு, உலகமே கொண்டாடிய ரெண்டு ராக் குழுக்கள் தென்காசியில் வெறும் எண்களாகிவிட்டன.

சீட்டைச் சுரண்டிப் பெயரைப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். "பேரு தெரிஞ்சு என்னலே செய்யப் போற? பொண்ணு குடுக்கப் போறியா?" என்றீர்கள்.

அப்போது எனக்கு ஆலங்குளத்தில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே உங்கள் கடைக்குத்தான் வருவேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு என்று மற்றவர்கள் பயபக்தியோடு போவார்கள். நமக்குள் அந்த மரியாதை ஒரு மாசம்கூட நிற்கவில்லை. நீங்கள் என்னைவிட நாலு வயசுதான் மூத்தவர். "ஏலே மாப்ள" என்று கடைக்குள்ளிருந்தே கூப்பிடுவீர்கள். மனைவியின் தம்பியை அப்படிக் கூப்பிடுவது நம் பக்கத்தில் சகஜம்தான். ஆனாலும் அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

ரெண்டு ரெக்கார்டையும் முதலில் போட்ட சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்தால் கரண்டு இளைத்துவிடும். பல்பு மஞ்சளாகும், பிளேயர் மோட்டார் சோரும், பாட்டு இழுக்கும். அதற்கு நீங்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தீர்கள். மோட்டாரின் சின்னத் தண்டில் கறுப்பு டேப்பை ஒரு சுற்றோ ரெண்டு சுற்றோ சுற்றுவீர்கள். தண்டு தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும், பாட்டு நேராகிவிடும். எத்தனை சுற்று என்பதை உங்கள் காதுதான் சொல்லும்.

தமிழ்ப் பாட்டு சரி, தெரிந்த பாட்டு. இந்த இங்கிலீஷ்காரன் பாட்டுக்கு எது சரியான ஸ்பீடு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பாடுதவன் மூச்சு வாங்குத எடத்தக் கேளு. எந்தத் தேசத்துக்காரனா இருந்தாலும் மனுசன் மூச்சு ஒண்ணுதானல. அது சரியா இருந்தா ஸ்பீடு சரியா இருக்கு."

முதலில் நாற்பத்தொன்று. முரசும் கிதாரும் சேர்ந்து எதிர்ச் சுவரில் இடித்தன. எதிர்க் கடைக்காரர் ஓடி வந்து, "அண்ணாச்சி, என்னத்தப் போட்டுத் தொலச்சிய, யாவாரம் கெடுது" என்றார். நீங்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வில்லுப்பாட்டுல கொடம் அடிக்கான் பாரு, அந்த அடிலே இது" என்று தொடையில் தட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

அடுத்து நாற்பத்திரண்டு. அது இழுத்தது. நிறுத்தினீர்கள், டேப் எடுத்தீர்கள், நாலு சுற்று சுற்றினீர்கள். மறுபடி முள்ளை வைத்தபோது பின்தெருவில் ரைஸ்மில்லை நிறுத்திவிட்டார்கள் போல, கரண்டு முழுசாக வந்துவிட்டது. பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பாடுகிறவன் குரல் மெலிசாக, உச்சத்தில், சிரிக்கிற மாதிரி வந்தது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன். "அத்தான், இது பறக்குது" என்றேன்.

நீங்கள் மோட்டார் பக்கம் கையைக் கொண்டுபோனீர்கள். என்னைப் பார்த்தீர்கள். கையை எடுத்துவிட்டீர்கள். அதை அன்றைக்கு நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அதோடு நம் சண்டை ஆரம்பித்தது. நாற்பத்தொன்று உங்கள் கட்சி, நாற்பத்திரண்டு என் கட்சி. சிலர் அரசியல் பேசுவார்கள், சிலர் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவார்கள். நாம் பெயர் தெரியாத ரெண்டு குழுக்களை வைத்துக்கொண்டு, இதில் எது நிற்கும், எது நிற்காது என்று வருஷக்கணக்காகப் பேசினோம்.

"அடிதான்லே நிக்கும். பாட்டு மறந்து போயிரும், கொரல் மறந்து போயிரும். அடி ஒடம்புக்குள்ள போயிட்டா வெளிய வராது."

"அடிய எவனும் அடிச்சிரலாம் அத்தான். அந்தக் கொரல இன்னொருத்தன் கொண்டு வரச் சொல்லுங்க பாப்போம். கொரல்தான் நிக்கும்."

"இருவது வருசம் கழிச்சு எவன் கேக்கான்னு பாக்கத்தானல போறோம்."

"பாப்போம்."

அக்கா கடைக்குச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் இதைக் கேட்டுச் சலித்துப்போனாள். "ரெண்டு பேரும் கத்துததுக்கு அந்த வெள்ளக்காரனே தேவல" என்று தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போவாள். ஆனால் அடுத்த நாள் எதைப் போட்டீர்கள், யார் ஜெயித்தீர்கள் என்று விசாரிக்காமல் இருக்க மாட்டாள்.

திருநெல்வேலியில் பிளாட்பாரத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகை வாங்கி வந்தேன். இந்த மாதிரிக் குழுக்கள் அடிக்கடி சண்டை போட்டுப் பிரிந்துவிடுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. உங்களிடம் வாசித்துக் காட்டினேன். நீங்கள் நம்பவில்லை. "ஒண்ணா ஒக்காந்து வாசிச்சவன் எப்படிலே பிரிவான்? பொய்யி" என்றீர்கள். அன்று முழுக்க உங்களுக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பத்தொன்றுக்காரர்கள் இன்னும் சேர்ந்து இருக்கிறார்களா, இல்லையா என்று ரெண்டு தடவை கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும்? அவர்கள் யாரென்றே தெரியாதே.

ஐந்தருவிப் பரீட்சையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த சீசனுக்கு அங்கே கடை போட்டிருந்தவர்கள் அறிவிப்புச் செய்வதற்கு உங்கள் மைக்செட்டைக் கட்டியிருந்தார்கள். காணாமல் போன பிள்ளை, கழன்று விழுந்த மோதிரம், எண்ணெய் தேய்க்கிறவர்களின் விளம்பரம் எல்லாம் உங்கள் குழாய் ஸ்பீக்கரில்தான். உள்பக்கம் சிவப்புப் பெயிண்டில் நீங்கள் அக்கா பெயரை எழுதி வைத்திருந்த குழாய்கள். "அருவிச் சத்தத்துக்கு முன்னால நிக்குத பாட்டுதான்லே காலத்துக்கும் நிக்கும். வா, போட்டுப் பாத்துருவோம்" என்றீர்கள்.

நாற்பத்தொன்றைப் போட்டீர்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தலையைத் துடைக்காமல் நிமிர்ந்து பார்த்தார்கள். ரம்பூட்டான் பழம் விற்கிறவர் காதைப் பொத்திக்கொண்டார். நாற்பத்திரண்டைப் போட்டீர்கள். யாரும் நிமிரவில்லை. ஆனால் எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர், ஒரு தடியான மனிதரின் முதுகில், அந்தப் பாட்டுக்குச் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாமல் தட்டினார். நான் உங்கள் கையைப் பிடித்துக் காட்டினேன்.

"ஊரே பாத்துது, என் பாட்டு ஜெயிச்சிட்டு" என்றீர்கள். "ஒரு மனுசன் கைக்குள்ள போயிட்டு, என் பாட்டுதான் ஜெயிச்சுது" என்றேன். அதையே பேசிக்கொண்டு, நனைந்த சட்டையோடு, தென்காசி வரைக்கும் நடந்தோம். பஸ் ரெண்டு தடவை நம்மைத் தாண்டிப் போனது.

அதன்பிறகு நடந்ததை எழுதத்தான் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

எண்பதுகளின் ஆரம்பத்தில் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. புது ஆபீஸில் ராக் பாட்டு கேட்கிற கூட்டம் ஒன்று இருந்தது. நான் சும்மா இருந்தேனா? எங்கள் ஊரில் அத்தானிடம் ஒரு ரெக்கார்டு இருக்கிறது, அதில் பாடுகிறவன் குரல் பெண் குரல் மாதிரி உச்சத்தில் பறக்கும் என்று பெருமையடித்தேன். மெட்டைப் பாடியும் காட்டினேன். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு ரெக்கார்டைப் போட்டார்.

அதே பாட்டுதான். ஆனால் நடந்தது, பறக்கவில்லை. பாடினவன் குரல் கனமாக, தொண்டைக்குள்ளிருந்து வந்தது. அவருடைய பிளேயர் சரியில்லை என்றேன். அவர் தட்டின் விளிம்பிலிருந்த புள்ளிகளைக் காட்டினார். தட்டு சுற்றும்போது அவை நின்ற இடத்தில் நிற்கிற மாதிரி தெரிந்தால் ஸ்பீடு சரி என்று அர்த்தமாம். நின்றன. அட்டைப் படத்தில் பாடகன் பெரிய தாடியும் பெரிய தோளுமாக இருந்தான். இத்தனை வருஷமாக என் வயசில் ஒரு ஒல்லிப் பையனை நான் மனசில் வைத்திருந்தேன். மறுநாள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "எந்த ஊர் ஸ்பீடு சார் அது?" என்று ஒரு வாரம் கேட்டார்கள்.

அந்தக் கோபத்தோடுதான் அடுத்த சீசனுக்கு ஊருக்கு வந்தேன். கடையில் ஆய்க்குடியிலிருந்து கல்யாண வீட்டார் நாலைந்து பேர் மைக்செட் பேச உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்தது. "ஏலே மாப்ள, வா வா" என்று, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் குனிந்து மோட்டாரில் என்னவோ செய்துவிட்டு, நாற்பத்திரண்டை எடுத்துப் போட்டீர்கள். அது பறந்தது.

"நிறுத்துங்க அத்தான்" என்றேன். "இத்தன வருசமா தப்பு ஸ்பீடுல போட்டு அந்தப் பாட்டையே கொன்னுட்டீங்க. மைக்செட் கடை வச்சிருக்கீங்க, எந்தத் தட்டு எந்த ஸ்பீடுல சுத்தணும்னு தெரியாதா? ஒங்க காத நம்பி நான் மெட்ராஸ்ல அசிங்கப்பட்டுட்டு நிக்கேன்."

ஆய்க்குடிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நீங்கள் முள்ளை எடுத்தீர்கள். ரெக்கார்டைத் துடைத்தீர்கள். உறையில் போட்டீர்கள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தீர்கள்.

"சரிங்க தம்பி. நீங்க பட்டணத்துல கேட்டிருக்கீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். கோபப்படவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. 'லே' போய்விட்டது. 'மாப்ள' போய்விட்டது. 'தம்பி' வந்துவிட்டது, 'நீங்க' வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நம் ஊரில் 'லே' போடுகிற ஒருவர் 'நீங்க' என்று சொல்லிவிட்டால் கதவைச் சாத்தியாயிற்று.

ஒரு வாரத்திலேயே எனக்கு உறைத்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற வழியில்கூட நான் புத்தியோடு நடக்கவில்லை. தீபாவளிக்கு வரும்போது அதே குழுவின் கேசட்டை, சரியான ஸ்பீடில் இருக்கிற கேசட்டை, உங்களுக்குப் பரிசாக வாங்கி வந்தேன். "வைங்க தம்பி, கேக்கேன்" என்றீர்கள். கேட்கவில்லை. கண்ணாடித்தாள் பிரிக்காமல் அது அலமாரியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, இன்று காலையில் பார்த்தேன்.

மறுவருஷம் அக்கா எழுதின கடிதத்தில், தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது, கரண்டு இப்போது மங்குவதே இல்லை, அத்தானுக்கு டேப் சுற்றுகிற வேலை மிச்சம் என்று எழுதியிருந்தாள். உங்களைப் பற்றி வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் எப்போதும் கடைசியில் ரெண்டு வரி கிறுக்குவீர்கள். அதுவும் இல்லை.

அப்புறம் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. உங்கள் மகன் கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குப் பாயசம் போதுமா என்று நீங்கள் கேட்டீர்கள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் மூன்று நாள் இருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்பீர்கள். சாப்பிட்டேன் அத்தான் என்பேன்.

இனி பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ரெக்கார்டை நீங்கள் யாரையும் தொட விட்டதில்லை. விரல் ரேகை படும், கீறல் விழும் என்பீர்கள். அதனால் நான் அந்த உறைகளை அருகில் வைத்துப் பார்த்ததே கிடையாது. முந்தாநாள்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொரு காகித உறையின் மூலையிலும் உங்கள் பென்சில் எழுத்து இருந்தது. பிள்ளையார் பாட்டின் உறையில், 'பகல் 1. சாயங்காலம் 2.' அத்தனை உறையிலும் டேப் சுற்றுக்கணக்கு. நாற்பத்தொன்றிலும் அதேதான், 'பகல் 1. சாயங்காலம் 2.'

நாற்பத்திரண்டை எடுத்தேன். 'பகல் 1. சாயங்காலம் 2. மாப்ள இருந்தா 4.'

எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. உங்களுக்குச் சரியான ஸ்பீடு தெரிந்திருக்கிறது. பாடுகிறவன் மூச்சு வாங்குகிற இடம் தெரிந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தத் தாடிக்காரனின் கனத்த குரலை நான் இல்லாதபோது நீங்கள் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் வந்தால் மட்டும் டேப்பைச் சுற்றியிருக்கிறீர்கள். எதிர்க்கட்சி ஜெயிப்பதற்கு நீங்களே ஸ்பீடு ஏற்றிக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சண்டையும் போட்டிருக்கிறீர்கள். யாராவது இப்படிச் செய்வார்களா அத்தான்?

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னல, அழுதியா?"

"ஆமாக்கா" என்றேன். உறையைக் காட்டினேன்.

"இதுவா? நீ ஆலங்குளம் பஸ்ஸுல வந்து எறங்குத நேரமானா டேப்பத் தேடுவாவ. நாயகம் பாட்டுக்கு மட்டும் எதுக்கு இந்தச் சுத்துன்னு நானே கேட்டேன். மொத நாளு அவன் மொகத்த நீ பாக்கலியேன்னாவ."

"அன்னைக்கி நான் அத்தன பேச்சு பேசினேனே. அத்தன பேருக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? எனக்கு ஸ்பீடு தெரியும்லே, ஒனக்காவத்தான் போட்டேன்னு?"

அக்கா உறையைத் திருப்பிக் கொடுத்தாள். "அத நீ அவுகட்ட கேட்டிருக்கணும்" என்றாள்.

கேட்டிருக்க வேண்டும். சொன்னால் அந்த ஆய்க்குடிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று நினைத்தீர்களா? இல்லை, இதைக்கூடவா வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று மனசு விட்டுப்போனதா? இப்போது யாரிடம் கேட்பேன்?

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நேற்று ஐந்தருவிக்குப் போனேன். நல்ல சாரல், நல்ல கூட்டம். கார் நிறுத்துகிற இடத்தில் இருபது வயசுப் பையன்கள் ஐந்தாறு பேர், சொம்பு அளவில் ஒரு ஸ்பீக்கரை வண்டியின் மேல் வைத்துப் பாட்டுப் போட்டிருந்தார்கள். நாற்பத்தொன்று. அதே அடி. ஒருத்தன் கார்க் கதவில் தட்டிக்கொண்டிருந்தான். தம்பி, இது பழைய பாட்டாச்சே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தாத்தா, இதெல்லாம் எப்பவும் உண்டு" என்றான். என்ன குழு என்று அவன் சொன்ன பெயர் எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஆனாலும் எனக்கு அது நாற்பத்தொன்றுதான்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அத்தான். அருவிக்கு முன்னால் அது நிற்கிறது. இருபது வருஷம் என்றீர்கள், அதைப்போல ரெண்டு மடங்கு தாண்டியும் நிற்கிறது. எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன், ஊரெல்லாம் சாட்சி.

நாற்பத்திரண்டும் உலகத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் தட்டினால் வரும். தாடிக்காரன் கனமாக, சரியான ஸ்பீடில் பாடுவான். உலகமே அதைத்தான் கேட்கிறது. எனக்கு மட்டும் அது வேறு யாருடைய பாட்டோ என்று தோன்றுகிறது. என் பாட்டு உங்கள் பிளேயரில், உங்கள் டேப் சுற்றில்தான் இருந்தது. அதைக் கேட்டவர்களில் நீங்கள் போய்விட்டீர்கள். நானும் அக்காவும்தான் மிச்சம்.

ஒரு விஷயத்தைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். மேலே சொன்ன உறைகளில், அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையார் பாட்டில், 'பகல் 0. சாயங்காலம் 0.' எல்லா உறையிலும் அப்படியே. டிரான்ஸ்பார்மர் வந்து கரண்டு சரியானபிறகு, டேப் தேவைப்படாமல் போனபிறகு, புதுக் கணக்கு. அதாவது நான் உங்களை அவமானப்படுத்தி ஒரு வருஷம் கழித்து எழுதினது. உங்கள் வாயிலிருந்து எனக்கு 'தம்பி'யும் 'நீங்க'வும் வந்துகொண்டிருந்த காலத்தில் எழுதினது.

நாற்பத்திரண்டிலும் பழைய வரியை அடித்திருக்கிறீர்கள். கீழே, 'பகல் 0. சாயங்காலம் 0. மாப்ள இருந்தா 2.'

அந்தப் பாட்டைப் போடுங்கள் என்று நான் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். நீங்கள் கணக்கைச் சரிசெய்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நான் கேட்கவே இல்லை.

பிளேயரின் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது, மாற்றிவிட்டேன். மோட்டார் நன்றாக ஓடுகிறது. கறுப்பு டேப் ஒரு உருளை வாங்கி வைத்திருக்கிறேன். ஆவணியில் உங்கள் நாளன்று, சாமி கும்பிட்டு எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு, முதலில் நாற்பத்தொன்றைப் போடுவேன், ஜெயித்தவருக்கு முதல் மரியாதை. அப்புறம் மோட்டார் தண்டில் ரெண்டு சுற்று சுற்றிவிட்டு நாற்பத்திரண்டைப் போடுவேன். தப்பு ஸ்பீடு என்று யாராவது சொன்னால் அவர்களோடு நான் சண்டை போடுவேன். இனி ஒவ்வொரு வருஷமும் போடுவேன், என் காது கேட்கிறவரைக்கும்.

இருக்கிறேன் அத்தான், ரெண்டு சுற்று சுற்றுங்கள்.

உங்கள் மாப்ள,
நாயகம்